அருஞ்சொல்லும் அகராதியும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஆங்கிலச் சொற்பொருள் கற்ற வரலாறு

படிக்கும்போது பொருள் விளங்காமல் நம்மைத் தடுத்து நிறுத்தும் சொல்லை அருஞ்சொல் என்கிறோம். தமிழ்ப் பாடநூலில் செய்யுளின் கீழே 'அருஞ்சொற்பொருள்' என்றொரு பகுதி இருக்கும். ஆங்கிலப் பாடநூலில் அதற்கு 'கிளாசரி' என்று பெயர். ஆங்கில அருஞ்சொற்களை மனப்பாடம் செய்வது இன்று போட்டித் தேர்வு எழுதுவோரின் அன்றாட வேலையாகிவிட்டது. நாளுக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்து, சிறு குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுக்கும் பிள்ளைகளைக் கடலூர் - சிதம்பரம் பேருந்தில் இப்போதும் பார்க்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்துக்குத் தமிழில் பொருள் தரும் அகராதி யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி பணிக்காலம் முழுவதும் என்னிடம் இருந்தது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நம் பிள்ளைகளுக்காக என்று அது செய்யப்பட நெடுங்காலம் ஆயிற்று என்பது தெரிய வருகிறது. அந்த வரலாற்றில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பங்கு உண்டு.

நிகண்டு ஓதிய காலம்

அகராதிக்கு முன்பு தமிழ் மாணவனுக்கு இருந்தது நிகண்டு. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளாகக் கட்டித் தருவது நிகண்டு. திவாகரம், பிங்கலம் ஆகியவை பழையவை. பிற்காலத்தில் பெரிதும் ஓதப்பட்டது மண்டலபுருடர் என்னும் சமணப் புலவர் இயற்றிய சூடாமணி நிகண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியும் ஆத்திசூடியும் முடித்த மாணவன் அடுத்து நிகண்டை எடுப்பான். பொருள் புரிந்ததா என்பது அப்புறம். முதலில் பாட்டு நாவில் ஏற வேண்டும்.

எழுத்து வரிசையில் சொல்லைத் தேடிப் பார்க்கும் முறையைத் தமிழில் நிலைநிறுத்தியவர் இத்தாலியரான வீரமாமுனிவர். அவருடைய 'சதுரகராதி' 1732-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிகண்டை மனத்தில் வைத்திருந்தால்தான் பயன். அகராதியைக் கையில் வைத்திருந்தால் போதும். இந்த வேறுபாட்டை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஆங்கிலம் வந்தபோது நம்மவர்கள் கையில் அகராதியை எடுத்துக்கொண்டு அதை நிகண்டு போலவே ஓதினார்கள். சொல், எழுத்துக்கூட்டல், பொருள் என்று ராகம் போட்டுப் பாடும் வழக்கம் என் சிறு வயது வரை இருந்தது. 'பி-ஈ-என்-ஈ' என்று தொடங்கி 'பெனவலன்ட் என்றால் தயாள குணமுள்ள' என்று முடிப்போம். தயாள குணம் என்றால் என்ன என்று எவரும் கேட்டதில்லை.

கோட்டையும் துபாசியும்

ஆங்கிலச் சொற்கள் இந்தக் கரைக்கு வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக அன்று, வாணிபத்தின் வழியாக. 1690-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடக்கம். அவ்வாறு எல்லை வகுக்கப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும் இதுவே.

கோட்டைக்குள் இருந்த வெள்ளையருக்குத் துணி வேண்டும். வெளியே இருந்த நெசவாளருக்கும் தரகருக்கும் பணம் வேண்டும். இரண்டு தரப்புக்கும் நடுவே நின்றவர் துபாசி. இரு மொழி தெரிந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். அவருக்கு அகராதி கிடையாது. எடை, அளவு, முன்பணம், தவணை, அபராதம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அவர் தொழிலோடு சேர்ந்து வந்தவை. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் அன்றைக்கே நட்டம் வரும். சொல்லைக் கற்பதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று சொல்லலாம்; ஆனால் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். இப்பக்கம் கடலூரும் அப்பக்கம் புதுச்சேரியுமாக, இரண்டு ஐரோப்பிய மொழிகளின் துபாசிகள் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் வாழ்ந்தனர். புதுச்சேரியில் தியூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள், பிற மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அவர் எவ்வளவு கூச்சமின்றி எழுதிச் செல்கிறார் என்பதைக் காணலாம்.

பாதிரிமார் பள்ளி பின்னே வந்தது. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு குழுவினர் 1717-இல் கடலூரில் ஒரு தருமப் பள்ளியைத் தொடங்கினர். 1740 முதல் கீர்னாண்டர் என்னும் பாதிரியார் கடலூரில் பணியாற்றினார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. இன்று தேவனாம்பட்டினத்தில் சுற்றிப் பார்க்க வருவோருக்கு மிஞ்சியிருக்கும் சில இடிபாடுகளையே காட்ட முடிகிறது.

திருப்பிப் பிடித்த அகராதி

அதே 1740-இல் இந்தியாவுக்கு வந்தவர் யோகான் பிலிப் பெப்ரீசியசு. சென்னை வேப்பேரியில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1791-இல் அங்கேயே மறைந்தார். அவருக்குக் கிடைத்த அச்சகத்தின் கதை சுவையானது. 1761-இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலப் படை அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் படையில் இல்லை. எனவே அது வேப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் 1779-இல் பெப்ரீசியசும் பிரைதாப்ட்டும் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதியும், 1786-இல் ஆங்கிலம் - தமிழ் அகராதியும் அச்சாயின. தமிழை 'மலபார் மொழி' என்று ஐரோப்பியர் அழைத்த காலம் அது. அகராதியின் தலைப்பிலும் அந்தப் பெயரே இருக்கும்.

இவை யாருக்கான நூல்கள்? தமிழ் கற்க வரும் பாதிரிக்கும் கும்பினி அலுவலருக்கும் ஆனவை. ஒரு வெள்ளைக்காரர் தமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்க்க ஆங்கிலம் - தமிழ்ப் பகுதி உதவும். ஆங்கிலச் சொல்லின் நுட்பம் அவருக்கு முன்பே தெரியும். ஆகவே அதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நான்கு தமிழ்ச் சொற்களை வரிசையாகப் போட்டால் போதும். அந்த நான்கில் எது எங்கே பொருந்தும் என்பதைத் தமிழ் முன்ஷியிடம் கேட்டுக்கொள்வார்.

தமிழ் மாணவனின் நிலை நேர் எதிர். அவனுக்கு அந்த நான்கு தமிழ்ச் சொற்களும் ஏறத்தாழத் தெரியும்; ஆங்கிலச் சொல்தான் தெரியாது. நான்கில் எந்தப் பொருளை ஆங்கிலச் சொல் எந்த இடத்தில் தருகிறது என்பதை அகராதி சொல்லாது. வெளியாருக்காகச் செய்த சாளரத்தின் வழியே உள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போன்ற நிலை இது. இருந்தாலும் வேறு வழியின்றி அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரத்துக்கு

'பள்ளிகளுக்கானது' என்று சொல்லிக்கொண்டு ஆங்கிலம் - தமிழ் அகராதி ஒன்று வந்தது 1840-களில், யாழ்ப்பாணத்தில். அங்கே அமெரிக்க மிஷனும் ஆங்கிலேய மிஷன்களும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளி நடத்தின. யோசேப்பு நைட் என்ற பாதிரியார் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அவர் மறைந்தபின் இலீவை இசுபால்டிங் அவ்வேலையைத் தொடர்ந்தார். தமிழுக்குத் தமிழில் பொருள் கூறும் மானிப்பாய் அகராதி, பள்ளிகளுக்கான ஆங்கிலம் - தமிழ்க் கையகராதி ஆகியவை இம்முயற்சியின் கிளைகள். இதன் பெருங்கிளையாக மிரன் வின்சுலோ 1862-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கிலப் பேரகராதி விளங்கியது. அதில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. முகவை இராமானுசக் கவிராயர், யாழ்ப்பாணத்து விசுவநாதப் பிள்ளை போன்ற தமிழறிஞர்கள் அதற்கு உழைத்தனர். இந்த விசுவநாதப் பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். முகப்பில் அச்சாவது ஒரு பெயர். உள்ளே உழைத்தவர் பலர். அகராதி வரலாறு எங்கும் இதுதான் நிலை.

யாழ்ப்பாணத்தையும் சிதம்பரத்தையும் இணைப்பவர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்ட் மிஷனின் ஆங்கிலப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். பிறகு சைவத்துக்காக அந்த வேலையை விட்டார். 1849-இல் அவர் சென்னையில் அச்சிட்ட நூல்களில் சூடாமணி நிகண்டின் உரையும் ஒன்று. 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இது தமிழும் சைவமும் கற்பிக்கும் பள்ளி.

நாவலர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். ஆங்கிலம் படிக்க மதம் மாற வேண்டிய நிலை கூடாது என்பதே அவர் கவலை. 1872-இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை என்ற ஆங்கிலப் பள்ளியையும் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை மூட நேர்ந்தது. தமிழ்ப் பள்ளிகள் நிலைத்தன. ஆங்கிலப் பள்ளி நிலைக்கவில்லை. சிதம்பரத்தில் ஆங்கிலக் கல்விக்குப் பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி போன்றவை வழி செய்தன.

இதற்குள் ஆங்கிலச் சொல்லுக்கு விலை ஏறிவிட்டது. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசுப் பணிக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று ஆணையிட்டார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் கடலூர். கலெக்டர் கச்சேரி, நீதிமன்றம், ரயில்வே என எங்கு போவதாக இருந்தாலும் ஆங்கிலத் தேர்வு என்ற ஆற்றைக் கடந்தாக வேண்டும். அருஞ்சொல் மனப்பாடம் என்பது இந்தக் கட்டத்தில்தான் பிழைப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. நிலம் விற்றுப் படிக்க வைத்த தகப்பனுக்கு, மகன் வாயிலிருந்து வரும் நீளமான ஆங்கிலச் சொல்லே படிப்பின் சான்று. அது எங்கே பொருந்தும் என்று கேட்க அவரால் இயலாது; மகனுக்கும் பல நேரம் தெரியாது.

சர்வகலாசாலையா, பல்கலைக்கழகமா?

1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலை செட்டியார், இருபது இலட்சம் ரூபாய் கொடையளித்து அதைப் பல்கலைக்கழகமாக்க வழி செய்தார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைய நடையில் சொன்னால் 'அண்ணாமலை சர்வகலாசாலை'.

1935 முதல் 1940 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கில உலகம் போற்றியவர். இவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, பின்னரே கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்குப் போனார். காந்தியடிகளின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகச் செப்பம் செய்து, தம் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று நிபந்தனை விதித்தவர் இவரே என்பர். கும்பகோணத்தில் படித்த ஒருவருக்கு இவ்வளவு ஆங்கிலம் எப்படி வந்தது என்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. பெரிய சொற்களால் வரவில்லை என்பதே நான் சொன்ன விடை. அவருடைய பேச்சுகளைப் படித்துப் பாருங்கள். எல்லாருக்கும் தெரிந்த சொற்களே மிகுதி. ஆனால் அந்த இடத்தில் வேறு சொல் போட முடியாது.

இதே சாஸ்திரியார் தமிழில் ஒரு பெரும் பூசலுக்கும் காரணமானார். பள்ளிகளில் அறிவியல் முதலிய பாடங்களைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது, ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஈடாக என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் 'கலைச்சொற்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் தமிழ் வேர்களிலிருந்து ஆக்கிய சொற்கள் மிகுதி. 1940-இல் அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்குச் சாஸ்திரியார் தலைவரானார். குழுவின் போக்கு வடமொழிச் சார்பாக இருந்தது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். வடசொற்களை வைத்துக்கொண்டால் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இருக்கும் என்பது அத்தரப்பின் வாதம். அதை முற்றிலும் பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வாதம் வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனைக் கணக்கில் எடுக்கவில்லை.

சான்றுக்குச் சில சொற்களைப் பாருங்கள். 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அன்றைய பொருள் 'அபேட்சகர்'. 'பிரசிடென்ட்' என்றால் 'அக்கிராசனர்'. 'பிசிக்ஸ்' பௌதிகம், 'கெமிஸ்ட்ரி' இரசாயனம், 'டெமாக்ரசி' ஜனநாயகம். இவற்றில் ஜனநாயகமும் இரசாயனமும் நாளடைவில் பழகிவிட்டன. அபேட்சகர் என்ற சொல்லைப் பார்த்த குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புதிருக்கு இரண்டு புதிர் கிடைத்தது. ஆங்கிலச் சொல்லை அவிழ்க்கப் போனவன் தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு அகராதி தேட வேண்டும். இன்று 'வேட்பாளர்' என்றால் எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சி, மேடைத் தமிழ், இதழ்கள், அரசு ஆட்சிமொழிப் பணிகள் எனப் பல கால்வாய்கள் சேர்ந்தன. ஆங்கிலம் - தமிழ் அகராதித் துறையில் இதற்கு உருவம் கொடுத்தவர் சிதம்பரத்திலிருந்து வந்தவர் என்பது நம் பகுதிக்குப் பெருமை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் யாப்பியலை ஆராய்ந்து பட்டம் பெற்று, அங்கேயே தமிழ்ப் பேராசிரியராக இருந்த அ. சிதம்பரநாதன் செட்டியார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். அது 1963 முதல் 1965 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பல பொருள் இருந்தால் அவற்றைப் பிரித்து, துறை சார்ந்த பொருளைத் தனியே காட்டி, தமிழ்ச் சொல்லால் விளக்கும் முயற்சி அதில் உண்டு. சில இடங்களில் புதிதாக ஆக்கிய சொல் கரடுமுரடாக நிற்கும். அப்படிப்பட்ட இடங்களில் வகுப்பில் நான் சிரித்தும் இருக்கிறேன். ஆயினும் அது தமிழ் தெரிந்து ஆங்கிலத்துக்குப் போகிறவரை நினைத்துச் செய்யப்பட்ட நூல். பெப்ரீசியசின் 1786-ஆம் ஆண்டு நூலிலிருந்து இங்கு வந்து சேர ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின.

விலை கொடுத்து அதை வாங்கக்கூடியவர்கள் நூலகங்களும் கல்லூரிகளுமே. வீட்டில் இருந்தது லிப்கோ. 1929-இல் தொடங்கிய லிட்டில் பிளவர் கம்பெனி வெளியிட்ட ஆங்கிலம் - ஆங்கிலம் - தமிழ் அகராதிகள், உள்ளங்கை அளவிலிருந்து தலையணை அளவு வரை வந்தன. அண்ணன் படித்துத் தம்பிக்கு, தம்பி படித்துத் தங்கைக்கு என்று அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, 'ஏ' எழுத்தின் முதல் பக்கங்கள் போய்விட்ட லிப்கோ இல்லாத படித்த குடும்பம் எங்கள் பக்கம் குறைவு.

எளிய சொல்லால் அரிய சொல்

உலகளவில் இதே காலத்தில் வேறொரு வழி திறந்தது. அதன் தொடக்கமும் இந்திய வகுப்பறையே. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமே வாசிக்க முடியாமல் நிற்பதைக் கண்டார். பாடநூல்களில் தேவையற்ற அருஞ்சொற்கள் குவிந்திருப்பதே காரணம் என்று முடிவு செய்தார். எந்தச் சொல் அடிக்கடி வருகிறதோ அதை முதலில் கற்பிக்க வேண்டும். புதுச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் அளவாக வர வேண்டும் என்றார். 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 எளிய சொற்களை மட்டும் கொண்டு சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. அரிய சொல்லை எளிய சொல்லால் மட்டுமே விளக்குவது என்ற விதி பிற்கால மாணவர் அகராதிகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று. சப்பானில் பணியாற்றிய ஹார்ன்பி 1942-இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, பின்னர் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி, உயர்நிலை மாணவர் அகராதி என்று உலகெங்கும் பரவியது. அதன் சிறப்பு, ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்டுவது.

சென்னை மாநிலத்தில் 1959-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அப்பலர் இன்னும் பலருக்கு என்று 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உருட்ட உருட்டப் பெருகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனியே பார்க்காத ஊரில் இப்படியொரு பெயர்! சொல்லையும் வாக்கிய அமைப்பையும் எளியதிலிருந்து அரியதுக்குப் படிப்படியாகக் கற்பிப்பதே அதன் சாரம். எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அந்தப் பயிற்சியின் தலைமுறையினர். பயிற்சியில் சொன்னதைச் சிலர் செய்தனர்; பலர் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் செய்தனர். மற்ற நாள்களில் பழைய நிகண்டு ராகமே.

வகுப்பறையில் கண்டது

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'எக்ஸ்டிங்விஷ்' என்ற சொல்லுக்குப் பொருள் 'அணை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, 'தி மதர் எக்ஸ்டிங்விஷ்ட் தி க்ரையிங் சைல்டு' என்று எழுதியிருந்தாள். அழுத குழந்தையைத் தாய் அணைத்தாள் என்பது அவள் கருத்து. விளக்கை அணைப்பதும் குழந்தையை அணைப்பதும் தமிழில் ஒரே சொல். அந்தப் பெண் செய்தது பிழையன்று. நான் கொடுத்த பொருளை நேர்மையாகப் பயன்படுத்தினாள். பிழை என்னுடையது. அன்றிலிருந்து ஒற்றைச் சொல்லால் பொருள் எழுதிப் போடுவதை விட்டேன். 'நெருப்பை அணை, விளக்கை அணை' என்று சொல்லோடு அதன் துணையையும் சேர்த்து எழுதத் தொடங்கினேன்.

போட்டித் தேர்வுப் பட்டியல்களைப் படிக்கும் இளைஞர்களுக்கு இது பயன்படும் என்பதால் இன்னும் சிறிது சொல்கிறேன். அமெரிக்க ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் 1945 முதல் சொல்வளப் பகுதி ஒன்றை வெளியிட்டு வந்தது. 1949-இல் நார்மன் லூயிசு எழுதிய சொல்வள நூல் இன்றும் நம் ஊர் நடைபாதைக் கடைகளில் கிடைக்கிறது. லூயிசின் வழி, வேரைப் பிடித்துக்கொண்டு கிளைக்குப் போவது. இலத்தீனில் 'பெனே' என்றால் நன்மை. 'பெனிபிட்', 'பெனிபாக்டர்', 'பெனவலன்ட்' மூன்றும் ஒரு குடும்பம். 'மால்' என்றால் தீமை. 'மாலிஸ்', 'மாலவலன்ட்', 'மால்நியூட்ரிஷன்' எல்லாம் அதன் பிள்ளைகள்.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவன் நாம். 'செய்தனன்' என்ற சொல்லைப் பிரித்து எழுதத் தெரிந்தவனுக்கு 'பெனவலன்ட்' என்ற சொல்லைப் பிரிப்பது கடினமாக இருக்காது. தமிழாசிரியர் முற்பகலில் நடத்திய இலக்கணத்தை ஆங்கில ஆசிரியர் பிற்பகலில் பயன்படுத்திக்கொள்ளலாம். என் பள்ளிகளில் இந்த இருவரும் ஒரே அறையில் தேநீர் குடித்தார்களே தவிர, இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. நானும் பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்புதான் பேசினேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பையன்கள் கடைத்தெருவிலும் சினிமாக் கொட்டகையிலும் நாலு ஆங்கிலச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்வார்கள். பள்ளி விட்டதும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அகராதியும் ஆசிரியரும் மட்டுமே வாய்ப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, திருமணமாகிப் போன பல பெண்களின் கையில் மறுபடியும் ஆங்கில நூலைக் கொடுத்தது.

இனி அகராதியின் மறுபக்கம். நம் பிள்ளைகள் அஞ்சி அஞ்சிப் புரட்டும் ஆங்கில அகராதியில் இந்தக் கரையின் சொற்களும் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்து மீனவர் கட்டிய கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி, ஆங்கிலேயர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போயிற்று. 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பெருந்தொகுப்பு, இப்படிப் போன சொற்களை நூற்றுக்கணக்கில் தருகிறது. தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது கீழணை. வீராணம் ஏரிக்கு நீர் போவது அங்கிருந்துதான். ஆங்கிலப் பொறியாளர்களின் ஏடுகளில் அதன் பெயர் 'லோயர் அனிகட்'. ஒருமுறை ஆங்கில அகராதியில் 'அனிகட்' என்ற சொல்லைக் காட்டி, இது எந்த மொழி என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். இலத்தீன் என்றான் ஒருவன்; பிரெஞ்சு என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையில் இருந்த, அணைக்கரைப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"ஐயா, இது நம்ம அணைக்கட்டுங்கய்யா."